சுவரில் பதினாறு துப்பாக்கிகள்

"அண்ணே, அந்தத் தேன்காரனை நாளைக்குச் சுடறதுன்னா தாராளமா சுடுங்க. ஆனா கொலை பண்ணினது அவன்தான்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குச் சிரிப்பு வருது."

ஷாயிஃப் இதைச் சொல்லி முடிப்பதற்குள் முக்பில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். பழைய காவல் கோபுரத்தின் உச்சி அறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட இடமில்லை. பிடித்த வேகத்தில் இருவர் தலையும் கூரையில் நங்கென்று இடித்தது.

"என் தங்கச்சி மகனைப் புதைச்ச ஈரம் இன்னும் காயலை. உனக்குச் சிரிப்பு வருதாடா?"

"தலை இடிச்சதுல அதுவும் போயிடுச்சு. கையை எடுங்க, ஒண்ணு காட்டறேன்."

முக்பில் கையை எடுத்தார். தலைநகரில் குற்றப்பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். எத்தனையோ பிணங்களைப் புரட்டிப் பார்த்த கை அது. ஆனால் ரத்மான் வேறு. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்யக் கிணற்றடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இந்தக் கோபுரத்திலிருந்து ஒரே ஒரு குண்டு. வெறும் தோட்டாக் கூடு இந்த அறையில்தான் கிடந்தது.

சுட்டவனைத் தன் கையால் முடிக்க வேண்டும். மூன்று நாளாக முக்பிலுக்குச் சோறும் அதுதான், தூக்கமும் அதுதான்.

அந்தப் பாழாய்ப்போன கிணற்றுக்காகத்தான் ரத்மானின் ஷம்ஸான் வீட்டாரும் எதிரிகளான குராப் வீட்டாரும் வருடக்கணக்காக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஷேக் முஜல்லியை நடுவராக ஏற்றுக்கொண்டு, வழக்கப்படி வீட்டுக்கு எட்டாக, கைவசம் இருந்த பதினாறு துப்பாக்கிகளையும் அவரிடம் பணயமாகக் கொடுத்தார்கள். தீர்ப்பு வரும்வரை அவை ஷேக் வீட்டுச் சுவரில் தொங்கும். கொடுத்தவனும் தொடக் கூடாது, வாங்கினவனும் தொடக் கூடாது. தொட்டால் ஏழு தலைமுறைக்கு மானம் போய்விடும்.

ஆகவே, சண்டைக்காரர்கள் அத்தனை பேரும் வெறுங்கையாக இருந்த நேரத்தில், துப்பாக்கியோடு சுற்றிய அசலூர்க்காரன் ஒருவன்தான். தேன்பெட்டிகளோடு மலைச்சரிவில் கூடாரம் போட்டிருந்த பாஜுபைர். குராப் வீட்டார் கூலிக்குப் பிடித்த ஆள் அவன் என்று ரத்மானின் சித்தப்பா ஹிஸாம் முடிவே கட்டிவிட்டார். தேன்காரனைத் தானியக் கிடங்கில் கட்டிப் போட்டிருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவன் கதை முடியும்.

"இதோ நம்ம பாஜுபைரோட பட்டத்து ராணி" என்று ஷாயிஃப் கையிலிருந்த துப்பாக்கியை உயர்த்தினான். முக்பிலிடம் கார் ஓட்ட வருவதற்கு முன்னால் ஆறு வருடம் ஆயுதச் சந்தையில் ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி, விற்றவன் அவன். காரோடு வாயையும் சேர்த்து ஓட்டுகிறவன். "கல்யாணப் பொண்ணு கூட இவ்வளவு நகை போட மாட்டா. கீழே ரெண்டு கால் ஸ்டாண்டு, பக்கத்துல டார்ச் லைட்டு, மேலே உலக்கை மாதிரி ஒரு ஸ்கோப்பு. எவனோ வியாபாரி ஆசாமியை நல்லாத் தாளிச்சிருக்கான்."

"விஷயத்துக்கு வா."

"இந்தச் சந்து எத்தனை விரல் உயரம் இருக்கு?"

சுவரில் கிணற்றைப் பார்த்த மாதிரி ஒரே ஒரு சந்து இருந்தது. அகலம் ஒரு முழம், உயரம் ஐந்து விரல். முக்பில் துப்பாக்கியை வாங்கிக் குழலை அதில் நுழைத்து, ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

கல். வெறும் கல்.

"ஸ்கோப்பு ரொம்ப உசரத்துல உக்காந்திருக்கு. குழல் வெளியே பார்க்கறப்ப ஸ்கோப்பு சுவரைப் பார்க்குது. இங்கேயிருந்து பாஜுபைர் எதையாவது கொன்னிருந்தா அது பல்லியாத்தான் இருக்கும்."

"ஸ்கோப்பைக் கழட்டிட்டு சுட்டிருந்தா?"

"கழட்டினா இது குருடு. குழல் முனையில இரும்புக் குறி இருக்கணுமே, அதுவே இதுல கிடையாது."

முக்பில் துப்பாக்கியை இறக்கினார். மூன்று நாளாக மனதுக்குள் பாஜுபைரை விதவிதமாகக் கொன்று பார்த்தவர் அவர். அவன் நிரபராதி என்றதும் நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அப்படியானால் அந்தப் பாவி இந்த நேரத்தில் எங்கேயோ சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து படுத்திருக்கிறான்!

"வேற எந்த மாதிரித் துப்பாக்கி?" என்று கேட்டார்.

"நானூறு மீட்டர். சுடறவன் மேற்கே பார்க்கணும், அஸர் நேரத்து வெயில் நேராக் கண்ணுல விழும். வெறும் இரும்புக் குறியில ஒரே குண்டுல அடிக்க முடியுமா? முடியும், ஷைத்தான் கூட இருந்தா. சிவப்புப் புள்ளி தெரியற கண்ணாடியா? அந்தத் தூரத்துக்குப் புள்ளியே ஆளை மறைச்சிடும். அதனால ஸ்கோப்புதான். ஆனா குழலோட ஒட்டினாப்புல தாழ வெச்ச ஸ்கோப்பு."

முக்பிலின் பார்வை சந்தின் உள்விளிம்பில் நின்றது. கல்லில் பழுப்பாகக் காய்ந்த ஒரு சொட்டு. பக்கத்தில் இன்னொன்று. "செத்தவன் அங்கே கிடந்தான். ரத்தம் இங்கே எப்படிடா வந்துச்சு?"

ஷாயிஃப் குனிந்து பார்த்தான். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "சுட்டவனோடது. ஸ்கோப்பு கடிச்சிருக்கு, அண்ணே. கண்ணை ரொம்பக் கிட்ட வெச்சு சுட்டா, உதைக்கிற வேகத்துல அந்த விளிம்பு வந்து புருவத்தைக் கிழிச்சிடும். சந்தையில இந்தக் காயத்தோட எத்தனை பேர் என்கிட்ட சண்டைக்கு வந்திருக்கான் தெரியுமா?" கொஞ்சம் நிறுத்தினான். "தாழ ஸ்கோப்பு வெச்ச துப்பாக்கி இந்தப் பள்ளத்தாக்குல ஒண்ணே ஒண்ணுதான். மாட்டினவனே நான்தான். குராப் வீட்டு நுஃமானோடது."

"நுஃமான்!" முக்பிலின் கை இடுப்புக் கத்திக்குப் போனது.

"அவசரப்படாதீங்க. நுஃமான் குள்ளன். கழுத்துன்னு ஒண்ணை அல்லாஹ் அவனுக்குக் கொடுக்கவே இல்லை. 'ஸ்கோப்பை என் மூக்குகிட்டக் கொண்டாந்து வை'ன்னான், வெச்சுக் கொடுத்தேன். அவன் சுட்டா ஒரு கீறல் விழாது. வேற எவன் சுட்டாலும் புருவத்துல பிறை விழும்."

"அந்தத் துப்பாக்கி இப்போ எங்கே?"

"ஷேக் வீட்டுச் சுவர்ல. போன சனிக்கிழமையிலேருந்து."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பணயம் வைத்ததால் யாரிடமும் துப்பாக்கி இல்லை என்று ஊரே கணக்குப் போட்டது. பதினாறு துப்பாக்கிகளும் ஒரே வீட்டில் இருந்ததை ஒருவனும் யோசிக்கவில்லை. முக்பிலும்தான் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவமாம், வெட்கக்கேடு!

"நாயிஃப்" என்றார் மெதுவாக. "ஷேக்கோட மகன். ஜனாஸா அடக்கத்துக்கு வந்தப்போ அவன் புருவத்துல பிளாஸ்திரி இருந்துச்சு. பைக்லேருந்து விழுந்தேன்னு சொன்னான். என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதானே, படுபாவி!"

படியிறங்கப் போனவரை ஷாயிஃப் குறுக்கே நின்று மறித்தான். "நடுவர் வீட்டுப் பிள்ளை மேல கை வெச்சீங்கன்னா ரெண்டு வீடும் ஒண்ணு சேர்ந்து உங்களை முடிச்சிடும். அப்புறம் உங்க கார்க் கடனை யார் கட்டறது, நானா? அவன் வாயாலயே வரணும், அண்ணே. சபை நடுவுல வரணும்."

முக்பில் திரும்பிச் சந்து வழியாகக் கிணற்றைப் பார்த்தார். பிறகு கேட்டார். "உன் கடைக்கு வர்றவன் எது வாங்கறதுன்னு தெரியாம முழிச்சா, சுத்தி நிக்கறவனுங்க என்ன பண்ணுவானுங்க?"

"ஆளாளுக்கு யோசனை சொல்லுவானுங்க. அதுல நம்ம ஆளுங்களை மிஞ்ச முடியுமா? வாயை மூடவே மாட்டானுங்க."

"சாயங்காலம் நான் துப்பாக்கி எடுக்கப் போறேன். நீ கடைக்காரன்."

*

ஷேக் முஜல்லியின் சபைக்கூடமான மஜ்லிஸில் மதியத்துக்கு மேல் லேசாகப் போதை தரும் காத் இலை மெல்லாதவன் கிடையாது. ஷம்ஸான் வீட்டார் ஒரு வரிசை, குராப் வீட்டார் எதிர் வரிசை. நடு மூலையில் ஷேக். ஆறடி உயரம், சாய்ந்து உட்கார்ந்தாலும் பாதி அறையை அடைத்துக்கொள்ளும் உடம்பு. துக்கம் காக்கிற வீட்டுக்காரர் மாதிரி தலைப்பாகையை இறக்கிக் கட்டியிருந்தார். அவர் பின்னால் சுவரில் பதினாறு துப்பாக்கிகள்.

நாயிஃப் தண்ணீர்க் குவளை நீட்டினான். புருவத்தில் பிளாஸ்திரி. முக்பில் வாங்கிக்கொண்டார். அந்தப் பிளாஸ்திரியைத் தோலோடு உரித்தெடுக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"ஷேக், ஒரு வேண்டுகோள்" என்று ஆரம்பித்தார். "நாளைக்குத் தேன்காரனைச் சுடற உரிமையை ஹிஸாம் எனக்கு விட்டுக் கொடுத்துட்டாரு."

ஹிஸாம் தலையாட்டினார். "தாய்மாமன் கேட்டா மறுக்க முடியுமா? எடுத்துக்க மச்சான்."

"கட்டி வெச்சு சுட எனக்கு மனசில்லை. அவனை அவுத்து எதிர்ச் சரிவுல ஓட விடுவேன். ஓடட்டும். மூச்சு வாங்க ஓடி மேலே ஏறி, தப்பிச்சிட்டோம்டா அல்லாஹ்வேன்னு திரும்பிப் பார்க்கணும். அப்போ விழணும். என்கிட்ட இருக்கிறது டவுன் கைத்துப்பாக்கி, அவ்வளவு தூரம் போகாது. ரெண்டு வீடும் சம்மதிச்சா இந்தச் சுவத்துலேருந்து ஒண்ணு எடுத்துக்கறேன்."

இப்படிச் சொன்னபோது முக்பிலுக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆள்தான் வேறு.

"பணயத் துப்பாக்கி, தம்பி" என்றார் ஷேக் கனமாக. "சுவத்துல ஏறின பிறகு யார் கையும் அதுங்க மேல பட்டதில்லை. என் நிழலைக் கூடப் படவிட்டதில்லை. அல்லாஹ் மேல ஆணை."

"எங்க வீட்டுக்குச் சம்மதம்" என்றார் ஹிஸாம்.

குராப் வரிசையிலிருந்து நுஃமானும் குரல் கொடுத்தான். "எங்களுக்கும் சம்மதம். அந்த அசலூர்க்காரனால எங்க பேரு நாறிக் கிடக்கு. முடிஞ்சா சரி."

ஷேக் முகம் தெளிந்தது. "ரெண்டு வீடும் சொன்னா எனக்கென்ன? எடுத்துக்க."

ஷாயிஃப் எழுந்து கைகளைத் தேய்த்துக்கொண்டான். "வாங்க வாங்க! என்ன பார்க்கறீங்க அண்ணே? இதைப் பாருங்க, வெறும் இரும்புக் குறி. உடையாது, பேட்டரி கேட்காது, மாமியார் கேட்டா இரவல் கொடுக்கலாம்."

"எனக்கு நாற்பத்தொன்பது வயசு. குறியும் மங்கல், ஆளும் மங்கல்."

"அதை விடு தம்பி" என்றார் ஷேக். துப்பாக்கிப் பேச்சு என்றால் அவருக்கு வெல்லம். "வயசான கண்ணுக்கு அது ஆகாது. எனக்கே ஆகறதில்லை."

"அப்ப இந்தச் சிவப்புப் புள்ளி? ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுச் சுடலாம். வீட்டுக்குள்ள திருடன் வந்தா இதான் ராஜா."

"திருடன் சரிவுல இல்ல ஓடறான்" என்று குராப் வீட்டுக் கிழவர் ஒருவர் சொல்ல, இரண்டு வரிசையும் சிரித்தது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டாண்டு வைத்தால் பாரம் என்றான் ஒருவன். ஓடுகிறவனைச் சுட ஸ்டாண்டு எதற்கு என்றான் இன்னொருவன்.

ஷாயிஃப் கடைசியாக ஒன்றைக் காட்டினான். "இதோ நுஃமான் அண்ணனோடது. தாழ வெச்ச ஸ்கோப்பு. சுவத்துல இருக்கிற ஒரே ஸ்கோப்பும் இதுதான்."

முக்பில் நாயிஃபின் கண்ணையே பார்த்தார். இப்போது முகம் வெளுக்க வேண்டும். இப்போது குவளை நழுவ வேண்டும்.

"அதையே எடுங்க மாமா!" என்றான் நாயிஃப் உற்சாகமாக. "அதுல ஈ உக்காந்தாலும் தெரியுமாம். குடுங்க, எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம்." ஷாயிஃப் இறக்கிக் கொடுத்ததும் வாங்கி, கன்னத்தைப் பதித்து, ஸ்கோப்பில் கண் இமையே உரசுகிற மாதிரி ஒட்ட வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். "அடேயப்பா! பள்ளிவாசல் கோபுரத்துப் புறா தெரியுது."

முக்பில் போட்ட கணக்கு சரிந்து விழுந்தது. இந்தத் துப்பாக்கியிடம் ஒரு தடவை கடி வாங்கினவன் இப்படிக் கண்ணைக் கொண்டுபோய் ஒட்ட மாட்டான். பையன் நிஜமாகவே பைக்கிலிருந்துதான் விழுந்திருக்கிறான். மூன்று நாள் ஆத்திரம் மறுபடியும் ஆளில்லாமல் நின்றது. ரத்மானின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் எழுந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

"அது வேண்டாம் தம்பி" என்றார் ஷேக்.

"ஏன் ஷேக்?"

"நீ என் விருந்தாளி. உனக்கு அடிபட்டா எனக்குத்தான் அவமானம். பார்க்கத்தான் அது சாது. சுட்டா முரட்டுக் கழுதை. தோள்ல ஒரு உதை, புருவத்துல ஒரு வெட்டு, ரெண்டு நாளைக்குத் தலைவலி போகாது. வேற எடு."

விருந்தாளியை எச்சரிக்காமல் விடுவது இந்த மலையில் பிறந்தவனால் ஆகாத காரியம். கொலைகாரனாக இருந்தாலும் ஆகாது.

எதிர் வரிசையில் நுஃமான் மெல்லுவதை நிறுத்தினான். கன்னத்தில் அடக்கிய இலையோடு அப்படியே ஷேக்கைப் பார்த்தான்.

"ஷேக்" என்றான். "ஏழு வருஷமா இந்தத் துப்பாக்கியை என் கூடப் பிறந்தவனுக்குக் கூடச் சுடக் கொடுத்ததில்லை. மருந்தைக் கூடுதலாப் போட்டு நானே தோட்டா அடைக்கிறேன். அது உதைக்கிற உதை எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷேக் தலைப்பாகையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பார்த்தாலே... ஸ்கோப்பு பின்னால தள்ளி இருக்கிறது பார்த்தாலே தெரியலையா?"

"ஸ்கோப்பு பின்னால இருக்கிறது பார்த்தா தெரியும், ஷேக்" என்றார் முக்பில். குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "தலைவலி ரெண்டு நாள் இருக்கும்னு பார்த்தா எப்படித் தெரியும்? தலைப்பாகையைக் கொஞ்சம் ஏத்துங்க."

வாசலில் ஷேக்கின் காவல்காரர்கள் இரண்டு பேர் துப்பாக்கியைத் தூக்கினார்கள். ஹிஸாம் எழுந்தார். எதிரில் நுஃமானும் எழுந்தான். நாற்பது வருடப் பகையாளிகள் இரண்டு பேரும் போய் முக்பிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். காவல்காரர்களின் கை தானாக இறங்கியது.

"காட்டிடுங்க வாப்பா" என்றான் நாயிஃப். பாவம், அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. "ஒண்ணும் இல்லைன்னு காட்டிடுங்க. இவங்க வாயை அடைக்கணும்."

ஷேக் காட்டவில்லை. நாயிஃபே கை நீட்டித் தலைப்பாகையை மேலே தள்ளினான். வலது புருவத்துக்கு மேலே, மூன்று நாள் பழசாக, பிறை மாதிரி ஒரு வெட்டு. நாயிஃப் இரண்டடி பின்னால் நகர்ந்து, முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டான்.

"எல்லைக் கல்லை நகர்த்தினது நான்" என்றான் முஜல்லி. இனிமேல் அவனுக்கு என்ன மரியாதை! "கிணறு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பொதுவா இருந்தது. ரெண்டு வீடும் அடிச்சுக்கிட்டா தண்ணி எங்க வயலுக்கு வரும்னு எங்க வாப்பா காலத்துல கல்லை நகர்த்தினோம். அந்த வாத்தியார் பள்ளிப் பிள்ளைங்களை வெச்சு டேப் பிடிச்சு அளந்துட்டான். திங்கக்கிழமை என்கிட்ட வந்து, 'பெரியவர் நீங்க, நீங்களே சபையில சொல்லிடுங்க, நான் சொன்னா உங்களுக்கு அசிங்கம்'னான். எவ்வளவு மரியாதையாச் சொன்னான்!"

"அந்த மரியாதைக்கா கொன்னே?" என்றார் முக்பில்.

நுஃமான் இடுப்பிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து முக்பிலின் உள்ளங்கையில் வைத்தான். "என் துப்பாக்கி மேல படிஞ்ச அழுக்கு. நீங்களே கழுவுங்க."

முக்பில் தோட்டாவைப் போட்டு அடைத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் முஜல்லி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சைக் காட்டினான். "சீக்கிரம் முடி."

அந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றார் முக்பில். இதற்காகத்தானே மூன்று நாள்! ஆனால் அவன் முகத்தில் தெரிந்ததைப் பார்த்ததும் அவருக்கு எரிந்தது. நிம்மதி! குண்டு வாங்கிச் செத்தால் ஷேக்காகவே சாவான். ஊர் தோளில் தூக்கிப் போய்ப் புதைக்கும், அவன் பேரில் கவிதை கட்டும், பேரப்பிள்ளைகள் பெருமை பேசும்.

"முடியாது" என்றார் முக்பில். தோட்டாவை வெளியே எடுத்து நுஃமானிடமே கொடுத்தார். "உனக்கு அவ்வளவு சுலபமான சாவு என் கையால கிடையாது. எழுந்திரு."

முஜல்லியின் தலைப்பாகையை உருவினார். இடுப்புக் கத்தியை உறையோடு அவிழ்த்தார். செருப்பைத் தொடப் போனவனை வேண்டாம் என்று தடுத்தார். இரண்டு வீட்டாரும் சுவரிலிருந்து தங்கள் தங்கள் துப்பாக்கிகளை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவரும் அவனிடம் விடை சொல்லிக்கொள்ளவில்லை.

"எங்கே கூட்டிட்டுப் போறீங்க, அண்ணே?" என்றான் ஷாயிஃப்.

"முதல்ல தானியக் கிடங்குக்கு. பாஜுபைர் கட்டை இவன் கையாலயே அவுக்கணும், கால்ல விழணும். அப்புறம் டவுன் ஜெயிலுக்கு."

"பதினோரு கிலோமீட்டர். வண்டியில ஏத்தவா?"

"நடக்கட்டும்."

ஷாயிஃப் காரை நடை வேகத்தில் பின்னால் ஓட்டினான். முஜல்லி வெறுந்தலையோடு, வெறுங்காலோடு முன்னால் போனான். அவன் தெருவில் வருகிறான் என்றால் கூரைகளில் துணி உலர்த்தும் பெண்கள் மரியாதைக்கு உள்ளே போய்விடுவது வழக்கம். அன்று சேதி அவனுக்கு முன்னால் ஓடிவிட்டது. கூரைக்குக் கூரை நின்றார்கள். ரத்மானின் தாய் நடுவில் நின்றாள்.

முஜல்லி கையைத் தூக்கிப் புருவத்தை மறைத்துக்கொண்டான்.

"கையை எடு" என்றார் முக்பில்.

எடுத்தான். ஒருத்தியும் உள்ளே போகவில்லை.